நாற்பத்திரண்டு அடி ஆழத்தில் விட்ட மூச்சு

கிணறு வெட்டுகிறவர்களில் குப்பாண்டி கோஷ்டியைப் போல ஒரு கோஷ்டி கரிசக்காட்டில் முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் வரப்போவதில்லை. பூமிக்கு அடியில் எங்கே தண்ணீர் இல்லையோ, நூல் பிடித்த மாதிரி அந்த இடத்தில் இறங்குவார்கள். ஆனால் வேலையில் சுத்தம். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். சொன்னபடி மட்டும்தான் செய்வார்கள். வம்பெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

ஒரு சம்சாரி, "நான் வர்ற வரைக்கும் வெட்டிக்கிட்டே இருங்கப்பா" என்று சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். போன இடத்தில் காய்ச்சல் கண்டு நாலு நாள் தங்கிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால், கிணற்றில் நல்ல தண்ணீர் வந்து, அதைத் தாண்டி உப்புத் தண்ணீரும் வந்து, அதற்கும் கீழே இவர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "முதலாளி, இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் குப்பாண்டி, குறை சொல்லாத குரலில்.

கோஷ்டியில் மொத்தம் நாலு பேர். மேஸ்திரி குப்பாண்டி. அடுத்தது கொம்பையா, அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவன், அதனால் எழுத்து சம்பந்தப்பட்டதெல்லாம் அவன் பொறுப்பு. மூன்றாவது சடையாண்டி, எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டான். நாலாவது ஆவுடையப்பன். மேலே நின்று கிரேன் இன்ஜினை ஓட்டுகிறவன். இடுப்பில் மிதித்தாலும் சிரிக்கிற ஜாதகம்.

நாலு பேருக்கும் சேர்த்து ஒரே போயிலைப் பை. காலையில் கண் விழித்ததும் ஒரு துண்டு கன்னத்தில் அதக்குவார்கள். அது கரைந்து முடிவதற்குள் அடுத்த துண்டு. வருசம் இருபதாக நடக்கிற காரியம்.

இப்படி இருக்கும்போது குப்பாண்டிக்கு வாய் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் மூன்று விரல் நுழைந்தது, பிறகு இரண்டு. அவர் பெண்டாட்டி பூச்செண்டு கம்பஞ்சோற்றை உருண்டை பிடித்துக் கொடுத்தால், அதை வாய் வாசலிலேயே வைத்துப் பிய்த்துப் பிய்த்து உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. உறைப்புப் பட்டால் கன்னத்துக்குள் தீ வைத்த மாதிரி எரிந்தது. பூச்செண்டு அவரைக் கையைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் நடந்த பல் மருத்துவ முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கன்னத்துக்குள்ள வெள்ளையா படை மாதிரி இருக்கு. போயிலையை உடனே விட்டுடுங்க. இருபத்தோரு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வாங்க. அப்பவும் குறையலைன்னா, கொஞ்சம் வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்" என்றாள்.

வெட்டு என்றதும் குப்பாண்டி கன்னத்தைப் பொத்திக்கொண்டார். "எத்தனை அடிம்மா வெட்டுவீங்க?" என்று கேட்டார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, புகையிலையை விடுவது எப்படி என்று அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். "இதுல போட்டிருக்கிறபடியே செய்யுங்க ஐயா. முதல் ஒரு வாரம்தான் கஷ்டமா இருக்கும்."

இருபது வருசமாகக் குப்பாண்டியிடம் யாரும் இவ்வளவு பிரியமாக இரண்டு வார்த்தை சொன்னதில்லை. 'போட்டிருக்கிறபடியே' என்பதை மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பூச்செண்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "உங்க வாயை வெட்டினா நான் யாருகிட்ட சண்டை போடுவேன்? இந்தாருங்க, அந்த எழவை விடுற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

குப்பாண்டி 'சரி' என்று சொல்ல வாயெடுத்தார். அதுவும் ஒரு வார்த்தைதானே என்று நினைத்து, தலையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் வேலையிடத்தில் தாளைப் பிரித்தார்கள். சௌந்தரராசு முதலாளியின் நிலத்தில் அப்போது ஒரு கிணறு நடந்துகொண்டிருந்தது. மூன்று மாசமாக வெட்டி நாற்பத்திரண்டு அடி போயிருந்தார்கள். ஈரம்கூட இல்லை. கொம்பையா எழுத்துக் கூட்டி வாசித்தான்.

"உங்கள்... நண்பர்களையும்... சேர்த்துக்கொள்ளுங்கள்."

"சேர்ந்தாச்சு" என்றான் சடையாண்டி. ஒரே பை என்பதால் வேறு வழியும் இல்லை.

"விடுவதற்கு... ஒரு நாளைக்... குறித்துக்கொள்ளுங்கள்."

ஒரு கரித்துண்டை எடுத்து இன்ஜின் கொட்டகைச் சுவரில் 'வெள்ளி' என்று கொம்பையா குறித்தான். நாலு பேரும் நின்று பார்த்தார்கள். குறித்தது நன்றாகத் தெரிந்தது. திருப்தியோடு ஆளுக்கு ஒரு துண்டு அதக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வெள்ளி வந்தது, போனது. சனிக்கிழமை மத்தியானம் சடையாண்டிக்குச் சந்தேகம் வந்தது. "ஏம்ணே, குறிச்சா மட்டும் போதுமா, அன்னைக்கு விடவும் செய்யணுமா?"

தாளைத் திரும்ப வாசித்ததில், விடவும் வேண்டும் என்றுதான் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்காகக் காத்திருக்காமல், அப்போதே 'வெள்ளி'யை அழித்துவிட்டு 'சனி' என்று எழுதினார்கள்.

"கைவசம் உள்ள புகையிலையைத் தூக்கி எறியுங்கள்" என்று வாசித்தான் கொம்பையா.

குப்பாண்டி பையைக் கையில் எடுத்தார். இருபது வருசத்துச் சிநேகிதம். கண் கலங்கியது. "தூக்கி" என்று போட்டிருந்ததால் நேரே மேலே எறிந்தார். அது போய்விட்டுத் திரும்ப வந்து அவர் தலையிலேயே விழுந்தது. இன்னொரு தடவை எறிந்தார். இந்தத் தடவை ஆவுடையப்பன் தோளில் விழுந்தது.

"நாம விட்டாலும் அது விடமாட்டேங்குதே அண்ணாச்சி" என்றான் ஆவுடையப்பன்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு. நீ சிரிக்கதைப் பார்த்துட்டுத்தான் வருது" என்றான் கொம்பையா.

பதினோராவது எறியில் பை கிரேனின் கைமரத்து உச்சியில், கப்பி ஓரமாக, வார் மாட்டித் தொங்கியது. கீழே வரவில்லை. போயிலையை விட்டாயிற்று.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. வாய் நமநமவென்றது. நாக்குக்கு இருக்கிற இடம் தெரியாமல் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடிப் பார்த்துவிட்டு வந்தது. மறுநாள் காலையில் குப்பாண்டி சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு துண்டு அதக்கினால்தான் வயிறு புறப்படும் என்று இருபது வருசப் பழக்கம். வயிறு காத்திருந்தது, அவரும் காத்திருந்தார். வெயில் ஏறியதுதான் மிச்சம். தலை விண்விண் என்று தெறித்தது. மண்வெட்டியைப் பிடித்தால் கை ஆடியது. வீட்டில் பெண்டாட்டியோடு பேச முடியாது. ஒரு சொம்பு தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கொம்பையாவைக் கூட்டிவந்து சொல்லச் சொல்ல வேண்டியிருந்தது. பூச்செண்டு இதை ரோஷம் என்று நினைத்து அவளும் வீம்பாக இருந்தாள்.

தாளில் இதற்கும் இடம் இருந்தது. 'தலைவலி, கைநடுக்கம், பசி, கோபம் வரும். பயப்பட வேண்டாம். இவை வந்தால் நீங்கள் குணமாகிறீர்கள் என்று பொருள்.'

அதனால் தினமும் காலையில் கொம்பையா எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஆஜர் எடுத்தான்.

"தலைவலி?"

"வந்துட்டு" என்றார்கள் நாலு பேரும்.

"கைநடுக்கம்?"

"வந்துட்டு."

"பசி?"

"அது நேத்தே வந்துட்டு."

"கோபம்?"

மூன்று பேர்தான் சொன்னார்கள். ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான். "எனக்கு இன்னும் வரலைண்ணே."

எல்லாருக்கும் கவலையாகிவிட்டது. குணமாவதற்கு உரிய ஒரு சாமான் இவனுக்கு மட்டும் வரவில்லை என்றால் என்ன அர்த்தம்?

"எங்களுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சுப் போடுதியோ?" என்று கேட்டார் குப்பாண்டி.

"தாயறிய இல்லை அண்ணாச்சி."

"அப்ப நாமதான் வர வைக்கணும்" என்றான் சடையாண்டி. அவன் ஆவுடையப்பனின் காலை மிதித்தான். ஆவுடையப்பன் சிரித்தான். கொம்பையா அவன் தூக்குவாளியில் இருந்த மோரைத் தரையில் ஊற்றினான். "எறும்பு குடிக்கட்டும்" என்றான் ஆவுடையப்பன். குப்பாண்டி அவன் மாமனார் குடும்பத்தையே இழுத்து வைத்துக் கேவலமாகப் பேசினார். "ரொம்பச் சரியாச் சொல்லுதீங்க அண்ணாச்சி" என்று ஒத்துக்கொண்டுவிட்டான். கடைசியில் குப்பாண்டிக்குத்தான் ஆத்திரம் தாங்காமல் தண்ணீர்ப் பானையை உடைத்துப் போட்டார். ஆவுடையப்பன் ஓடுகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, "பாவம், எனக்காக நீங்க எம்புட்டு பாடுபடுதீங்க" என்று கண் கலங்கினான்.

நாலாம் நாள்தான் பெரிய காரியம் நடந்தது.

அன்று விடிந்ததிலிருந்தே வாய் நமநமப்பு தாங்க முடியவில்லை. போதாததற்கு, நிமிர்ந்தால் கிரேன் உச்சியில் பை ஆடிக்கொண்டிருந்தது. கொம்பையா தாளை எடுத்து அடுத்த வரியை வாசித்தான். "ஆசை வரும்போது... ஆழமாக... மூச்சை இழுத்து விடுங்கள்."

குப்பாண்டி நின்ற இடத்தில் நின்றபடி மூச்சை இழுத்து விட்டார். நமநமப்பு குறையவில்லை.

"அண்ணாச்சி, ஆழமா விடணும்னு போட்டிருக்கு. நீங்க தரையில நின்னுல்லா விடுதீங்க?" என்றான் கொம்பையா. "இது மேலோட்டமான மூச்சு."

இது குப்பாண்டிக்குப் பட்டென்று பிடிபட்டது. இத்தனை நாள் வேலைக்கு ஆகாத இடத்தில் நின்றல்லவா மூச்சு விட்டிருக்கிறோம்!

"எத்தனை அடி ஆழம்னு போட்டிருக்கா?" என்று கேட்டான் சடையாண்டி.

கொம்பையா தாளைத் திருப்பிப் பார்த்தான். "அடி போடலை."

"நம்மகிட்ட இருக்கிறது நாப்பத்திரெண்டு. அது பத்தலைன்னா?"

"பத்தலைன்னா டாக்டரம்மாவை வந்து வெட்டச் சொல்லுவோம். முதல்ல இறங்குங்கடே" என்றார் குப்பாண்டி.

ஆவுடையப்பன் இன்ஜினை ஓட்டி, இரும்புத் தொட்டியில் மூன்று பேரையும் இறக்கிவிட்டான். கிணற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது. குப்பாண்டி மூச்சை இழுத்து, விட்டார். ஆச்சரியம், கொஞ்சம் சமனப்பட்ட மாதிரிதான் இருந்தது. "நல்லாருக்குடே! இன்னொண்ணு விடுங்க" என்றார். மூன்று பேரும் சேர்ந்து இழுத்துச் சேர்ந்து விட்டார்கள்.

மேலே தனியாக நின்ற ஆவுடையப்பனுக்கும் வாய் நமநமத்தது. கீழே கேட்கிற மூச்சுச் சத்தம் வேறு ஆசையைக் கிளப்பியது. அவன் பொறுப்பானவன். டீசல் வீணாகக் கூடாது என்று இன்ஜினை நிறுத்தினான். கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு கம்பிவடத்தைப் பிடித்துச் சர்ரென்று வழுக்கி வந்து இறங்கினான். நாலு பேரும் வட்டமாக நின்று ஒரு பத்து மூச்சு ஆழமாக விட்டார்கள். எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது.

"போதும். ஆவுடை, தொட்டியைத் தூக்குடே" என்றார் குப்பாண்டி.

"தூக்கிருவோம் அண்ணாச்சி" என்று சிரித்தபடி, இன்ஜின் எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தான் ஆவுடையப்பன். பிறகு நாலு பேரும் மேலே பார்த்தார்கள். வட்டமாக ஆகாசம் தெரிந்தது. நடுவில் கைமரம். கைமரத்தில் போயிலைப் பை.

வடத்தைப் பிடித்து ஏறிப் பார்த்தார்கள். கிரீஸ் தடவிய வடம். ஏறினவன் ஏறின வேகத்தில் திரும்பி வந்தான்.

"ஏலே, இன்ஜின்காரன் நீ, நீ ஏம்லே இறங்கின?" என்று கொம்பையா ஆவுடையப்பனைப் பிடித்துக்கொண்டான். "உனக்கு மேல இருந்தே மூச்சு விடத் தெரியாதா?"

"மேல விட்டா மேலோட்டம்னு நீதானடா சொன்னே!" என்று கத்தினான் ஆவுடையப்பன். முகம் சிவந்துவிட்டது. "உங்களுக்கு மட்டும் ஆழம், எனக்கு மட்டும் தரையா? மனுசன்னு நினைச்சீங்களாடா என்னை? மோரைக் கொட்டுனீங்க, காலை மிதிச்சீங்க, இப்ப மூச்சு விடவும் விடமாட்டீங்களா?"

"வந்துட்டுடே!" என்று துள்ளினார் குப்பாண்டி. "கோபம் வந்துட்டு!" மூன்று பேரும் ஓடிப் போய் ஆவுடையப்பனைக் கட்டிக்கொண்டார்கள். சடையாண்டிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. ஆவுடையப்பன் வெட்கத்தோடு, "இவ்வளவு நாள் உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன்" என்றான்.

சந்தோசம் தணிந்ததும் பசித்தது. சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. அந்நேரம் மேலே கொலுசுச் சத்தம். பூச்செண்டு கஞ்சி கொண்டுவந்துவிட்டாள்.

"மேல யாரையும் காணோமே! ஏங்க, உள்ள இருக்கீங்களா?" என்று விளிம்புக்குச் சற்றுத் தள்ளி நின்று கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தால் அவளுக்குத் தலை சுற்றும்.

சடையாண்டி வாயைத் திறந்தான். குப்பாண்டி பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

"என்ன அண்ணாச்சி, மதினிதான்!"

"அவ என்னையல்லாடே கேக்கா?" என்று காதோடு காதாகச் சொன்னார் குப்பாண்டி. "'உள்ள இருக்கீங்களா'ன்னா, பதிலை நான்தான் சொல்லணும். நான் பேசக் கூடாது. டாக்டரம்மா பாத்து, 'விட்டாச்சு'ன்னு சொல்லட்டும். அதுக்கு முன்னால பேசினா வாக்குத் தவறினதா ஆயிரும்."

"அப்ப நாங்க பேசட்டா?"

"எங்கிட்ட கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னா மரியாதையா?"

அது நியாயமாகப் பட்டது. நாலு பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றார்கள். பூச்செண்டு இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டாள். குரல் லேசாக நடுங்கியது. அந்தக் குரலைக் கேட்டுக் குப்பாண்டிக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது. கையை மட்டும் ஆட்டிக் காட்டினார். பார்க்காதவளுக்குக் கை தெரியவா போகிறது? கொலுசுச் சத்தம் தள்ளித் தள்ளிப் போய், கஞ்சி வாசனையும் போய்விட்டது.

"கை சும்மா இருந்தா ஆசை கூடும். கைக்கு வேலை கொடுங்கள்னு போட்டிருந்துச்சு" என்று ஞாபகப்படுத்தினான் கொம்பையா. கடப்பாரையும் மண்வெட்டியும் கீழேயே கிடந்தன. வேறு என்ன செய்ய? கைக்கு வேலை கொடுத்தார்கள். நிமிர்ந்தால் பை தெரியும் என்பதால் ஒருவரும் நிமிரவில்லை. மூன்று மாசத்தில் வெட்டாத வெட்டு அன்று வெட்டினார்கள். அரை ஆள் உயரத்துக்கு வெட்டியிருப்பார்கள், குப்பாண்டியின் கடப்பாரை 'சளக்' என்றது. உருவினால், ஊற்று!

"தண்ணி!" என்று நாலு பேரும் கத்தினார்கள். அவர்கள் தொழிலில் இறங்கியதிலிருந்து, தேவைப்பட்டபோது வந்த முதல் தண்ணீர் அது.

"நிறையத் தண்ணீர் குடியுங்கள்!" என்றான் கொம்பையா. அதுவும் தாளில் இருந்தது. கையில் அள்ளி அள்ளிக் குடித்தார்கள். இனிப்பாக இருந்தது. ஒவ்வொரு மடக்குக்கும் நமநமப்பு ஒரு படி இறங்கியது. குடிக்கக் குடிக்க ஊறிக்கொண்டே இருந்தது. கணுக்கால் நனைந்தது.

"அண்ணாச்சி, ஏறுதே" என்றான் சடையாண்டி. "முழங்காலுக்கு வந்தா என்ன பண்ண?"

"அதுக்கு முன்னால குடிச்சிருங்கடே!" என்று உத்தரவு போட்டார் குப்பாண்டி.

குடித்தார்கள். வயிறு பானை மாதிரி உப்பியது. நடந்தால் உள்ளே சலசலத்தது. ஊற்று சின்ன ஊற்றாக இருந்ததால் சாயங்காலம் வரைக்கும் எப்படியோ ஈடுகொடுத்தார்கள். முடியாதபோது ஒருவனை உட்கார வைத்துவிட்டு மற்ற மூவரும் குடித்தார்கள்.

பூச்செண்டு சும்மா இருக்கவில்லை. இன்ஜின் நிற்கிறது, செருப்பு நாலு ஜோடி கிடக்கிறது, ஆளைக் காணோம். பதறிப்போய் இரண்டு மைல் நடந்து சௌந்தரராசு முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முதலாளி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே நாலு பேர், மண்டி போட்டு, கையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடே பண்ணுதீக அங்க?"

"வேலை பாக்கோம் முதலாளி" என்றார் குப்பாண்டி.

"தண்ணி கிண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு முதலாளி! நல்ல தண்ணி!"

முதலாளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்று மாசமாக எதிர்பார்த்த செய்தி. "எங்கடே? ஒண்ணும் தெரியலையே?"

"குடிச்சிட்டோம் முதலாளி."

முதலாளி, இன்ஜினை எப்படிக் கிளப்புவது என்று கேட்டார். ஆவுடையப்பன் கீழேயிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னான். முதலாளி கைப்பிடியைச் சுற்றினார். தொட்டி முதலில் குப்பாண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடி மேலே வந்தது. எப்படி நிறுத்துவது என்று ஆவுடையப்பன் சொல்ல மறந்துவிட்டதால், விளிம்பைத் தாண்டியும் ஏறி, கப்பிக்குப் பக்கத்தில் போய் முட்டி நின்றது. குப்பாண்டியின் மூக்குக்கு நேரே போயிலைப் பை.

அந்த வாசனை! நாக்கு தானாக எழுந்து நின்றது. கை நீண்டு, பையை எடுத்துவிட்டது. குப்பாண்டி கீழே பார்த்தார். பூச்செண்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. குப்பாண்டி கண்ணை இறுக மூடினார். மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பையைத் தூக்கி எறிந்தார். அது முதலாளியின் தோளில் போய் விழுந்தது. முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பையை மடியில் சொருகிக்கொண்டார்.

ஒருவழியாக நாலு பேரும் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். பூச்செண்டு நேரே புருசனிடம் வந்தாள். "உள்ள இருந்துக்கிட்டே ஏன் குரல் குடுக்கலை? நான் செத்துப் பொழைச்சேன்!"

குப்பாண்டி கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா தொண்டையைச் செருமினான். "போயிலையை விடுற வரைக்கும் பேசக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீகளாம் மதினி. அண்ணாச்சி அன்னையிலிருந்து அதைத்தான் கடைப்பிடிக்காக."

பூச்செண்டு ரோஷம் என்று நினைத்ததெல்லாம் இதுதானா? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஐயோ, பேசித் தொலைங்க!" என்றாள்.

குப்பாண்டியின் முகம் மலர்ந்தது. "பூச்செண்டு, ரொம்பப் பசிக்குது" என்று பேசினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொலைவதற்காகக் கிளம்பினார். ஆறு மைல் தள்ளி ஒரு ஊர் பஸ் ஸ்டாப்பில் மறுநாள் காலையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். "அதுக்குள்ள தேடி வந்துட்டீகளே" என்று வருத்தப்பட்டார்.

இருபத்தோராம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு பேரும் போனார்கள், பூச்செண்டும் போனாள். டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். குப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டு பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லையே ஐயா! படை நல்லாக் குறைஞ்சிருக்கு. இப்ப வெட்ட வேண்டாம். மாசா மாசம் வந்து காட்டுங்க. வாயைத் திறந்து மூடுற பயிற்சியும் சொல்லித் தாரேன். தலைவலியெல்லாம் எப்படி இருக்கு?"

"போயிருச்சும்மா. இவனுக்குக் கோபம்தான் கொஞ்சம் தாமதமா வந்துச்சு."

"ஆழமா மூச்சு விட்டீங்களா?"

"நாப்பத்திரெண்டு அடிம்மா" என்றார் குப்பாண்டி பெருமையாக.

டாக்டரம்மாவுக்கு வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். அவள் அதற்கு விளக்கம் கேட்கவில்லை. சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, "ரொம்பச் சந்தோசம். இனிமே போயிலை இருக்கிற பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க" என்று அனுப்பிவைத்தாள்.

மறுநாள் மத்தியானம். கஞ்சி குடித்துவிட்டு, வழக்கம் போலக் கிணற்று மேட்டில் துண்டை விரித்தார்கள். குப்பாண்டி தலையைச் சாய்க்கப் போனவர் சடாரென்று எழுந்துவிட்டார். "ஏலே, கிழக்க என்ன இருக்கு?"

"பெட்டிக்கடை" என்றான் சடையாண்டி.

"அங்க போயிலை உண்டா?"

"சரம் சரமாத் தொங்கும்."

மேற்கே திரும்பினார்கள். மேற்கே பஸ் ஸ்டாப், அங்கே இரண்டு கடை. தெற்கே சந்தை. அங்கே போயிலைக்கென்றே தனி வரிசை.

"வடக்க?"

"வடக்க ஒண்ணுமில்லை. ஆனா வடக்க தலை வச்சு எந்த மனுசன் படுப்பான்?" என்றான் கொம்பையா.

நாலு பேரும் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். டாக்டரம்மா சொன்னதைத் தட்ட முடியாது. வாயே அவள் காப்பாற்றிக் கொடுத்தது. தூங்காமலும் இருக்க முடியாது. கண் செருகியது.

"அண்ணாச்சி, மேல என்ன இருக்கு?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆகாசம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஒரு கடை இல்லை.

நிலத்தின் வரப்பான பொழி ஓரம் பனைமரங்கள் நின்றன. ஆளுக்கு ஒரு மரத்தில் சாய்ந்து, கயிற்றால் மார்பையும் முழங்காலையும் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். தலை மேலே பார்த்து இருந்தது. படுக்கிறதற்கு இதைவிட யோக்கியமான திசை இல்லை. நல்ல தூக்கம் வந்தது.

மூன்றாம் நாள், ஒரு மணி சுமாருக்கு, தூத்துக்குடிக்குப் போகிற பிளேன் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாகப் போனது. சடையாண்டி விழித்துக்கொண்டான். "அண்ணாச்சி, பிளேன்ல டீ விப்பாங்களாமே?"

"ஆமாம், எம் மச்சினன் சொன்னான்" என்றான் கொம்பையா.

"டீ விக்கிற இடத்துல போயிலை இல்லாமலா இருக்கும்?"

கட்டின கட்டோடு மூன்று பேரும் வெலவெலத்துப் போனார்கள். அன்றே கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். சடையாண்டி தூங்கக் கூடாது. பிளேன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வந்தால் சத்தம் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் அது போகிற வரைக்கும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சௌந்தரராசு முதலாளி மோட்டார் வைக்க இடம் பார்க்க வந்தார். வாய் நிறையப் போயிலை. கிணற்று மேட்டில் ஆளில்லை. பொழிப் பக்கம் பார்த்தால், மூன்று பேர் பனைமரத்தில் கட்டிக் கிடந்தார்கள். நாலாவது ஆள் கையை நெற்றியில் வைத்து ஆகாசத்தைப் பார்த்தபடி நின்றான். கொள்ளைக்காரன் யாரும் வந்து கட்டிப்போட்டுவிட்டானோ என்று முதலாளி பதறி ஓடினார்.

"ஏலே, என்னடா இது? யாரு கட்டினா?"

"உஸ்... சத்தம் போடாதீங்க முதலாளி, தூங்குதாக" என்றான் சடையாண்டி. அதற்குள் வடக்கே உறுமல் கேட்டது. "தலை!" என்று ஒரு கூச்சல் போட்டான்.

மூன்று தலைகளும் தூக்கத்திலேயே மார்பில் தொங்கின. போட்ட கூச்சலில் முதலாளியும் தொப்பென்று குனிந்துவிட்டார். வாயில் இருந்தது பொத்தென்று மண்ணில் விழுந்தது. பிளேன் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போய் மறைந்தது. மூன்று தலைகளும் திரும்ப நிமிர்ந்து குறட்டை விட ஆரம்பித்தன.

"போயிட்டாடே?" என்று குனிந்தபடியே கேட்டார் முதலாளி.

"இது போயிட்டு முதலாளி. இது திரும்பி வர்றதுதான் ரெண்டரைக்கு."

முதலாளி ரெண்டரை வரைக்கும் நிமிரவில்லை.